ஜூரி முறை

ஜூரி முறை என்பது ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா, இல்லையா என்பதைச் சட்டம் பயிலாத பொதுமக்கள் சிலர் கூடி முடிவு செய்யும் நீதி விசாரணை முறை ஆகும். இக்குழு ஜூரி எனவும், அதன் உறுப்பினர் ஜூரர் எனவும் அழைக்கப்படுகின்றனர். இலங்கைத் தமிழில் யூரி, யூரர் என எழுதுவது வழக்கம். நடுவர் குழு, அறங்கூறாயம் ஆகிய தமிழ்ச் சொற்களும் பயன்பாட்டில் உள்ளன. இம்முறையில் சட்டத்தை விளக்குவது நீதிபதியின் பணி. நடந்தது என்ன என்பதைத் தீர்மானிப்பது ஜூரர்களின் பணி. தண்டனையின் அளவைப் பெரும்பாலும் நீதிபதியே முடிவு செய்கிறார்.

இந்தியாவில் ஜூரி முறை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இருந்து, 1974ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்துடன் முடிவுக்கு வந்தது. அது தொடங்கிய இடம் சென்னை ஆகும். இலங்கையில் இம்முறை சட்டத்தில் இன்றும் உள்ளது. இங்கிலாந்து, கனடா, ஐக்கிய அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் குடியுரிமை பெற்று வாழும் தமிழர்கள், மற்றக் குடிமக்களைப் போலவே ஜூரர்களாகப் பணியாற்ற அழைக்கப்படுகின்றனர்.

குடிமைப் பணி என்ற வகையில்

வாக்களித்தல், வரி செலுத்துதல் ஆகியவற்றுடன் ஜூரர் பணியும் ஒரு குடிமைக் கடமையாக எண்ணப்படுகின்றது. எனினும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வாக்காளர் ஆட்சி செய்வோரைத் தேர்ந்தெடுக்கின்றார். ஜூரர், பணியில் இருக்கும் சில நாட்களுக்கு, அரசு அதிகாரத்தின் ஒரு பகுதியைத் தானே செலுத்துகின்றார். அரசு ஒருவரைச் சிறைக்கு அனுப்ப விரும்பினால், அவருடைய அண்டை வீட்டாரைப் போன்ற சாதாரண மனிதர்களை முதலில் நம்பவைக்க வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படை. பிரெஞ்சு அறிஞர் தொக்வில் 1835இல் வெளியான அமெரிக்க மக்களாட்சி பற்றிய தமது நூலில், ஜூரி முறை குடிமக்களுக்குச் சட்டத்தையும் உரிமையையும் கற்பிக்கும் இலவசப் பள்ளி போன்றது என்ற கருத்தை முன்வைத்தார்.

ஜூரர் அச்சமின்றி முடிவு கூறக்கூடியவராக இருந்தால்தான் இப்பணிக்குப் பொருள் உண்டு. 1670இல் இலண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரு குவேக்கர்களைக் குற்றவாளிகள் எனக் கூற மறுத்த ஜூரர்கள் உணவும் நீரும் இன்றிப் பூட்டிவைக்கப்பட்டனர்; பின்னர் அபராதமும் விதிக்கப்பட்டது. எட்வர்டு புசெல் என்ற ஜூரர் அபராதத்தைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றார். அவர் தொடுத்த வழக்கில், தாம் கூறிய முடிவுக்காக ஜூரரைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வாகன் தீர்ப்பளித்தார்.

சென்னையில் தொடக்கம்

இந்தியாவின் முதல் ஜூரி விசாரணை 1665இல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் நடைபெற்றது. அசென்சியா டாஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, தம்மிடம் அடிமையாக இருந்த சிறுமியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். ஆளுநர் ஜார்ஜ் பாக்ஸ்கிராப்ட் முன்னிலையில் ஆறு ஆங்கிலேயரும் ஆறு போர்த்துகீசியரும் கொண்ட பன்னிருவர் ஜூரி அமர்ந்தது. ஜூரர்கள் முதலில் அப்பெண்மணி கொலைக் குற்றவாளியே, ஆனால் குற்றப்பத்திரிகை கூறும் விதத்தில் அல்ல என்றனர். இதற்குப் பொருள் விளங்காத நீதிமன்றம் தெளிவாகச் சொல்லுமாறு கேட்டபொழுது, குற்றவாளி அல்லர் என்றனர். அவர் விடுவிக்கப்பட்டார். சட்டம் அறிந்த ஒருவரும் தம்மிடம் இல்லை என்று ஆளுநர் கம்பெனிக்கு எழுதினார். கொலையுண்ட சிறுமியின் இனத்தாரில் ஒருவர்கூட அந்த ஜூரியில் இல்லை என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும். யார் யாரைப் பற்றித் தீர்மானிப்பது என்ற கேள்வி, இந்திய ஜூரி வரலாற்றின் முதல் நாளிலேயே எழுந்து, இறுதிவரை தீராமல் இருந்தது.

1726ஆம் ஆண்டின் அரச பட்டயத்திற்குப் பின் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகர்களில் ஜூரி முறை நிலைபெற்றது. நீண்ட காலம் ஜூரர் இருக்கை ஐரோப்பியர்களுக்கே உரியதாக இருந்தது. 1826ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரையும் ஜூரர்களாக அனுமதித்தது. ஆனால் கிறித்தவர் மீதான வழக்கைக் கிறித்தவ ஜூரர்களே விசாரிக்கலாம் எனவும், பெரும் ஜூரியில் கிறித்தவர் மட்டுமே அமரலாம் எனவும் விதித்தது. அதாவது இந்துக்களையும் முஸ்லிம்களையும் கிறித்தவர் விசாரிக்கலாம். கிறித்தவரை இவர்கள் விசாரிக்க இயலாது. ராஜாராம் மோகன் ராய் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1832இல் வந்த சட்டம் இவ்வேறுபாட்டை நீக்கியது.

தலைநகருக்கு வெளியே, மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ உள்ளூர் மக்களை நீதி வழங்கலில் ஈடுபடுத்த விரும்பினார். 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் உரிமையியல் வழக்குகளுக்குப் பஞ்சாயத்துகளை ஏற்படுத்தின. 1827ஆம் ஆண்டின் பத்தாம் ஒழுங்குவிதி குற்ற வழக்குகளில் ஜூரியைப் படிப்படியாகப் புகுத்த வழி செய்தது. மன்றோ அதே ஆண்டு காலமானார். அத்திட்டமும் பெரிய அளவில் வேரூன்றவில்லை.

பழந்தமிழகத்தின் அறங்கூறவையம், சோழர் காலத்து ஊர்ச்சபைகள், கிராமப் பஞ்சாயத்து ஆகியவற்றை ஜூரி முறையின் முன்னோடிகளாகக் காட்டுவதுண்டு. பொதுமக்கள் நீதி கூறினர் என்ற அளவில் ஒப்புமை உண்டு. ஆயினும் அவை ஊரில் தகுதியும் செல்வாக்கும் உடையோர் கூடிய நிலையான அவைகள். ஒரே ஒரு வழக்கிற்காகப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பின் கலைந்துவிடும் குழுக்கள் அல்ல. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

மாவட்டங்களில்: ஜூரரும் அசெசரும்

1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றங்களுக்கு இரு வழிகளைத் தந்தது. மாகாண அரசு அறிவிக்கை செய்த மாவட்டங்களில், அறிவிக்கை செய்த குற்றங்களுக்கு மட்டும் ஜூரி விசாரணை. மற்ற எல்லாவற்றிற்கும் அசெசர்கள் துணையுடன் விசாரணை. 1898ஆம் ஆண்டுச் சட்டமும் இதே அமைப்பைத் தொடர்ந்தது. அசெசர்களும் உள்ளூர்ப் பொதுமக்களே. விசாரணை முழுவதும் உடனிருந்து, இறுதியில் தனித்தனியே கருத்துக் கூறுவர். ஆனால் அக்கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அசெசர்கள் அனைவரும் நிரபராதி என்று கூறிய ஒருவருக்கு நீதிபதி தூக்குத் தண்டனை விதிக்கலாம். கருத்துக் கேட்கப்பட்டுப் புறந்தள்ளப்படும் இப்பணியில் எவருக்கும் ஆர்வம் இல்லாமற் போனதில் வியப்பில்லை. 1955ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அசெசர் முறையை ஒழித்தது.

இப்பணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையும் அறியத்தக்கது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செஷன்ஸ் நீதிபதியும் மாவட்ட ஆட்சியரும் சேர்ந்து பட்டியல் தயாரித்தனர். 21 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் இப்பணிக்குக் கடமைப்பட்டவர்கள். மதகுருமார், மருத்துவர், காவல் துறையினர், அஞ்சல் துறையினர் முதலியோருக்கு விலக்கு உண்டு. ஒவ்வொருவருடைய பெயர், ஊர், தொழில் அல்லது தகுதி ஆகியவை பட்டியலில் எழுதப்பட்டன. மக்கள் ஆட்சேபம் தெரிவிக்க ஏதுவாகப் பட்டியல் பொது இடங்களில் ஒட்டப்பட்டது. அழைப்பாணை பெற்றும் தக்க காரணமின்றி வராதவருக்கு நூறு ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அக்காலத்தில் இது சிறு தொகை அன்று. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் தளவாய்புரம், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் முதலிய ஊர்களின் ஆண்களும் சட்டத்தின் பார்வையில் இக்கடமைக்கு உட்பட்டவர்களே. அவ்வூர்ப் பெண்களுக்கு அச்சட்டத்தில் இடம் இல்லை. பட்டியலில் எவரைச் சேர்ப்பது என்பது அதிகாரிகளின் கையில் இருந்ததால், சொத்தும் கல்வியும் அற்றோருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அங்கு இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது.

மதராஸ் மாகாணத்தின் ஜூரி மாவட்டங்களில் பெரும்பாலும் திருட்டு, கொள்ளை போன்ற சொத்துக் குற்றங்களே ஜூரிக்கு விடப்பட்டன. ஜூரியின் முடிவை நீதிபதி ஏற்கவில்லை எனில், 307ஆம் பிரிவின்படி வழக்கை உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பலாம். எனவே இச்சட்டத்தின் கீழ் இந்திய மாவட்டங்களில் ஜூரியின் முடிவு இறுதியானதாக இருக்கவில்லை. இங்கிலாந்தின் ஜூரியுடன் ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுவதுண்டு.

இனமும் அரசியலும்

1883இல் இல்பர்ட் மசோதா இந்திய நீதிபதிகளுக்கு ஐரோப்பியரை விசாரிக்கும் அதிகாரம் வழங்க முற்பட்டபொழுது ஐரோப்பியர் பெருங்கிளர்ச்சி செய்தனர். இறுதியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தம்மை விசாரிக்கும் ஜூரியில் பாதிப்பேராவது ஐரோப்பியர் அல்லது அமெரிக்கராக இருக்கவேண்டும் எனக் கோரும் உரிமை ஐரோப்பியருக்குக் கிடைத்தது. 1892இல் வங்காள அரசு கொலை முதலிய குற்றங்களை ஜூரியிடம் இருந்து எடுத்துக்கொண்டது. எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டே அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஜூரர் இருக்கையை அக்கால இந்தியர் ஓர் உரிமையாகக் கருதினர் என்பதற்கு இது சான்றாகும்.

1908இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பால கங்காதர திலகர் மீதான இராசத்துரோக வழக்கில் ஜூரி ஏழுக்கு இரண்டு எனப் பிரிந்தது. குற்றவாளி என்ற எழுவரும் ஐரோப்பியர். மறுத்த இருவரும் பார்சிகள். திலகர் ஆறு ஆண்டுகள் மாண்டலேயில் சிறை வைக்கப்பட்டார். அரசியல் வழக்குகளில் ஜூரியே வேண்டாம் என்ற நிலைக்கும் அரசு சென்றது. 1908ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம், சில குற்றங்களை மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு ஆயம் ஜூரியின்றி விசாரிக்க வகை செய்தது. 1911 சூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்த சதி வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் இவ்வாறே ஜூரியின்றி விசாரிக்கப்பட்டது.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு

தமிழ்நாட்டில் மிகவும் அறியப்பட்ட ஜூரி விசாரணை இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு ஆகும். திரைத்துறையினரின் அந்தரங்கங்களைப் பற்றி சினிமா தூது, இந்து நேசன் ஆகிய இதழ்களில் எழுதிவந்த இலட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்நாளில் தமிழ்த் திரையுலகின் முதல் நிலை நாயகராக விளங்கிய எம். கே. தியாகராஜ பாகவதர், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன், கோவையைச் சேர்ந்த படத்தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு முதலியோர் சதிக் குற்றச்சாட்டில் கைதாயினர். பாகவதரின் ஹரிதாஸ் படம் அவ்வாண்டு தீபாவளிக்கு வெளியாகி ஓடிக்கொண்டிருந்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் குற்ற செஷன்ஸில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஒன்பது ஜூரர்கள் வழக்கைக் கேட்டனர். 1945 மே மாதம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் பாகவதர், கிருஷ்ணன் உள்ளிட்டோர் குற்றவாளிகள் என ஜூரி கூறியது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். உயர் நீதிமன்ற ஜூரியில் ஆறு பேர் உடன்பட்டு, நீதிபதியும் அதனை ஏற்றால் அம்முடிவு செல்லும் என்பது அன்றைய சட்டம். இங்கிலாந்தில் அக்காலத்தில் பன்னிருவரும் ஒருமனதாக இருந்தாக வேண்டும். அவ்விதி இங்கு இருந்திருப்பின், மூன்று ஜூரர்களின் ஐயம் ஒன்றே தண்டனையைத் தடுத்திருக்கும். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் ஜூரி முறையின் இன்னொரு இயல்பும் வெளிப்பட்டது. ஜூரர்கள் தம் முடிவுக்குக் காரணம் கூறுவதில்லை. ஆறு பேர் எந்தச் சாட்சியை நம்பினர், மூவர் எதனை ஐயுற்றனர் என்பதற்கு எழுத்து வடிவில் எப்பதிவும் கிடையாது. நீதிபதி எழுதும் தீர்ப்பில் தவறு எங்கே என்று மேல்முறையீட்டில் விரல் வைத்துக் காட்டலாம். ஜூரியின் ஒற்றைச் சொல்லில் அவ்வாறு காட்ட இயலாது. உயர் நீதிமன்ற ஜூரி விசாரணையில் இருந்து நிகழ்வுகள் குறித்து மேல்முறையீடு செய்யும் வழியே 1943இல்தான் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. முதல் மேல்முறையீடு தள்ளுபடியானது. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பல், சகாபுதீன் ஆகியோர் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தனர். அதற்குள் அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தனர். கிருஷ்ணன் மீண்டும் படங்களில் புகழ் பெற்றார். பாகவதர் பழைய நிலையை அடையாமலே 1959இல் காலமானார்.

முடிவுக்கு வந்தமை

நானாவதி வழக்கே இந்தியாவில் ஜூரி முறையை ஒழித்தது என்பது பரவலான நம்பிக்கை. கடற்படைத் தளபதி கவாஸ் நானாவதி 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் தம் மனைவியின் காதலரான பிரேம் அகுஜாவைச் சுட்டுக்கொன்றார். ஓர் இதழ் தொடர்ந்து அவருக்கு ஆதரவாக எழுதியது. மக்கள் அனுதாபமும் அவர் பக்கமே இருந்தது. ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி அல்லர் என்றது. நீதிபதி அதனை ஏற்காமல் 307ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் 1960இல் ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 1961இல் அதனை உறுதி செய்தது.

ஆனால் காலவரிசை மேற்கண்ட நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. எம். சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம், தனது பதினான்காம் அறிக்கையில் 1958ஆம் ஆண்டே ஜூரி முறையை ஒழிக்கப் பரிந்துரைத்திருந்தது. சில மாநிலங்கள் அதற்கு முன்னரே அதனைக் கைவிடத் தொடங்கிவிட்டன. மறுபுறம், நானாவதி வழக்கிற்குப் பின்னரும் கல்கத்தாவில் ஜூரி விசாரணைகள் பல ஆண்டுகள் நடைபெற்றன. இந்திய அரசியலமைப்பு ஜூரி விசாரணையை அடிப்படை உரிமையாக்கவில்லை. ஆதலால் அதனை நீக்க அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரி பற்றிய பிரிவுகளைச் சேர்க்காமல் விட்டது. அச்சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உரிமை என்று கருதி 1892இல் மக்கள் போராடிய ஒன்று, எண்பது ஆண்டுகளுக்குப் பின் பெரிய எதிர்ப்பு ஏதுமின்றி மறைந்தது.

இலங்கையில்

பிரித்தானிய இலங்கையில் தலைமை நீதிபதி அலெக்சாண்டர் ஜான்ஸ்டனின் முயற்சியால் 1811ஆம் ஆண்டுப் பட்டயம் உள்நாட்டு மக்களுக்கு ஜூரி விசாரணை உரிமையை வழங்கியது. இந்தியர் ஜூரர் இருக்கையில் அமர மேலும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் சாதியைச் சேர்ந்த பதின்மூவர் ஜூரர்களாக இருந்தனர். ஜூரர் பட்டியலில் இருந்த அடிமை உரிமையாளர்கள், 1816 ஆகத்து 12க்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் விடுதலை பெற்றவர்களாக இருப்பர் என்று இசைந்தனர். ஜூரர் பதவி தந்த பொறுப்புணர்வே இதற்குக் காரணம் என ஜான்ஸ்டன் கருதினார்.

இலங்கையில் மேல் நீதிமன்ற யூரி ஏழு பேர் கொண்டது. முடிவுக்குக் குறைந்தது ஐவர் உடன்பட வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மொழிகளுக்குத் தனித்தனி யூரர் பட்டியல்கள் உண்டு. எந்த மொழி யூரி வேண்டும் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிவு செய்யலாம். இவ்விதி அவருடைய நலனுக்காக ஏற்பட்டது. ஆனால் இனப்போர் தொடர்பான வழக்குகளில், பாதிக்கப்பட்டவர் ஒரு மொழியினராகவும் யூரர் அனைவரும் வேறு மொழியினராகவும் அமைய இது வழி வகுத்தது.

திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11 அன்று தமிழ்ப் பொதுமக்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட வழக்கு அனுராதபுரத்திற்கு மாற்றப்பட்டது. அங்கு 2016 சூலையில் முன்னாள் இராணுவத்தினர் அறுவரை யூரி விடுவித்தது. 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் கொல்லப்பட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் வழக்கில், கடற்படையினர் உள்ளிட்ட ஐவரைச் சிங்கள மொழி யூரி 2016 டிசம்பர் 24 அதிகாலையில் விடுவித்தது. யூரி விசாரணைக்கு ரவிராஜ் குடும்பத்தின் தரப்பு முன்னரே ஆட்சேபம் தெரிவித்திருந்தது. இரண்டு முடிவுகளுக்கும் காரணங்கள் எழுதப்படவில்லை. யூரிக்கு அது வழக்கமே. எனினும் பத்து, இருபது ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு சொல்லுக்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

பிற நாடுகளில்

சிங்கப்பூர் 1969இலும் மலேசியா 1995 சனவரி 1 முதலும் ஜூரி முறையை ஒழித்தன. சிங்கப்பூரில் பிரதமர் லீ குவான் யூ ஒழிப்பை ஆதரித்தார். வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் எதிர்த்தார். ஒழிப்பை நோக்கியே ஆசியா முழுவதும் செல்கின்றது எனக் கூற முடியாது. தென்கொரியா 2008இல் புதிதாக ஜூரியை ஏற்படுத்தியது. அதன் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்பதால் அது ஒருவகையில் பழைய இந்திய அசெசர் முறையை நினைவூட்டுகின்றது. சப்பானில் 2009 முதல் கடுங்குற்றங்களை மூன்று நீதிபதிகளும் ஆறு குடிமக்களும் சேர்ந்து விசாரிக்கின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவில் இனத்தைக் காரணமாகக் கொண்டு அரசு வழக்கறிஞர் ஜூரரை விலக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 18 முதல் 75 வயது வரையுள்ள வாக்காளர்களில் இருந்து குலுக்கல் முறையில் ஜூரர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அங்கு 1967 முதல், நீதிபதி அனுமதித்தால் பத்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை முடிவும் செல்லும்.

இந்தியாவில் எஞ்சியிருப்பவை

பார்சி திருமண, மணமுறிவுச் சட்டம் 1936இன் கீழ் அமையும் நீதிமன்றங்களில் அச்சமூகத்தினரான பிரதிநிதிகள் நீதிபதிக்குத் துணையாக அமர்கின்றனர். முதலில் எழுவராக இருந்த இவர்கள், 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் ஐவர் ஆயினர். இந்தியாவில் ஜூரியை ஒத்த அமைப்பு இது ஒன்றே எனலாம்.

குற்ற வழக்குகளில் பொதுமக்களின் பங்கு இன்று வேறு வடிவில் தொடர்கின்றது. ஐயத்திற்குரிய மரணம் நிகழ்ந்தால், அவ்வூரைச் சேர்ந்த மதிப்புக்குரிய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில் காவல் அதிகாரி பிரேத விசாரணை நடத்த வேண்டும். தமிழ்நாட்டில் இவர்கள் பஞ்சாயத்தார் எனப்படுகின்றனர். உடலில் காணும் காயங்களும் மரணத்திற்கான வெளிப்படைக் காரணமும் அறிக்கையில் எழுதப்பட்டு, அதனை ஏற்போர் கையொப்பம் இடுகின்றனர். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவும் இதனைத் தொடர்கின்றது. அதுபோலவே சோதனையின்போது உடனிருந்து மகஜரில் கையொப்பமிடும் சாட்சிகளும் உள்ளூர் மக்களே. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது. தளவாய்புரத்தில் வாழும் ஒருவர் அங்கு ஜூரராக அழைக்கப்பட இன்று வழியில்லை. பஞ்சாயத்தாராகவோ மகஜர் சாட்சியாகவோ கையொப்பமிட்டவர், ஆண்டுகள் சில கழிந்தபின் தாம் கண்டதைக் கூறுமாறு அந்நீதிமன்றத்தின் அழைப்பாணையைப் பெறலாம். கோர்ட்டு, கேஸ் என்று அலைய வேண்டுமே எனப் பலர் கையொப்பமிடத் தயங்குகின்றனர். மகஜர் சாட்சிகள் பின்னர் பிறழ்சாட்சிகளாக மாறுவதும் வழக்குகளில் அடிக்கடி காணப்படுவதே.